படைவீரர் சிகிச்சை நீதிமன்றத்தில் யாருக்கு இடமுண்டு?

அமெரிக்காவில் படைப்பணி முடித்துத் திரும்பிய ஒருவர் மது அருந்திவிட்டு வண்டி ஓட்டியதற்காகவோ, போதைப்பொருள் வைத்திருந்ததற்காகவோ, கைகலப்பில் ஒருவரைக் காயப்படுத்தியதற்காகவோ கைதானால், அவருடைய வழக்கு வழக்கமான குற்றவியல் நீதிமன்றத்தில் நடக்காமல் படைவீரர் சிகிச்சை நீதிமன்றம் என்ற தனிப் பிரிவுக்கு மாற்றப்பட வாய்ப்புண்டு. அங்கே நீதிபதி அவரைச் சிறைக்கு அனுப்புவதைத் தள்ளிவைத்து, பெரும்பாலும் ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை நெருக்கமான கண்காணிப்பின்கீழ் சிகிச்சை பெறச் செய்கிறார். நிபந்தனைகளை நிறைவேற்றி முடித்தவருக்கு, இடத்தையும் வழக்கையும் பொறுத்து, குற்றச்சாட்டு தள்ளுபடியாகும் அல்லது தண்டனை குறையும். நிறைவேற்றாதவர் பழைய வழக்குக்கே திரும்ப வேண்டும். படையில் பணியாற்றிய எல்லோருக்கும் இந்த வழி தானாகத் திறப்பதில்லை. யாருக்குத் திறக்கும், யாருக்கு மூடப்படும், அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதை முதன்முறையாக அறிந்துகொள்பவர்களுக்காக இந்தக் கட்டுரை எழுதப்படுகிறது.

தகுதி விதிகள் ஏன் இப்படி அமைந்தன என்பதைப் புரிந்துகொள்ள, இந்த நீதிமன்றம் பிறந்த கதையைச் சிறிதளவேனும் தெரிந்துகொள்ள வேண்டும். 1989ஆம் ஆண்டில் புளோரிடாவின் மயாமியில் அமெரிக்காவின் முதல் போதைப்பொருள் நீதிமன்றம் தொடங்கியது. போதைக்கு அடிமையானவரைத் திரும்பத் திரும்பச் சிறையில் அடைப்பதால் பயனில்லை என்று கண்டவர்கள், நீதிபதியின் அதிகாரத்தையும் மருத்துவத்தையும் ஒன்றாக இணைத்துப் பார்த்த முயற்சி அது. பின்னர் மனநல நீதிமன்றங்கள் வந்தன. 2004இல் அலாஸ்காவின் ஆங்கரேஜ் நகரில் படைவீரர்களுக்கான நீதிமன்றப் பிரிவு ஒன்று ஏற்பட்டது. ஆனால் நாடெங்கும் பின்பற்றப்பட்ட முன்மாதிரி, 2008 ஜனவரியில் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் நீதிபதி ராபர்ட் ரஸ்ஸல் தொடங்கிய நீதிமன்றம்தான்.

ரஸ்ஸல் அதற்கு முன் அதே நகரில் போதைப்பொருள் நீதிமன்றத்தையும் மனநல நீதிமன்றத்தையும் நடத்திவந்தவர். வியட்நாம் போரில் பணியாற்றிய ஒருவர் அவர்முன் வந்து, தலை கவிழ்ந்து நின்று, கேட்ட எதற்கும் சரியாகப் பதில் சொல்லாமல் இருந்தார். அன்று நீதிமன்றத்தில் வியட்நாமில் பணியாற்றிய வேறு இருவரும் இருந்தனர். அவரை வெளியே அழைத்துச் சென்று பேசிப் பாருங்கள் என்று ரஸ்ஸல் அவர்களைக் கேட்டுக்கொண்டார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தவர் அணிவகுப்பில் நிற்பதைப் போல நிமிர்ந்து நின்று, இனி முயன்று பார்க்கிறேன் என்றார். மருத்துவரும் நீதிபதியும் பெற முடியாத பதிலைச் சக வீரர்கள் பெற்றுவிட்டதைக் கண்டதே தனி நீதிமன்றம் தொடங்கும் எண்ணத்துக்கு வித்திட்டது. ஆகவே இந்த நீதிமன்றங்களில் நீதிபதி, அரசு வழக்கறிஞர், எதிர்த்தரப்பு வழக்கறிஞர், கண்காணிப்பு அலுவலர், மருத்துவக் குழு ஆகியோரோடு, தன்னார்வ வழிகாட்டிகளாக முன்னாள் படைவீரர்களும் இடம்பெறுகிறார்கள். இந்த வழிகாட்டியிடம் சொன்னது நீதிபதியின் காதுக்குப் போவதில்லை என்பது பொதுவான ஏற்பாடு. அவர் வேவு பார்ப்பவர் அல்லர், துணை நிற்பவர்.

இன்று அமெரிக்காவில் இத்தகைய நீதிமன்றங்களும் இவற்றை ஒத்த திட்டங்களுமாகச் சேர்த்து 600க்கு மேல் உள்ளன. ஆயினும் நாடு முழுவதற்கும் பொருந்தும் ஒரே தகுதி விதி கிடையாது. சில மாநிலங்களில் சட்டமன்றமே தகுதியை வரையறுத்திருக்கிறது. சிலவற்றில் ஒவ்வொரு கவுண்டியும் (மாநிலத்துக்குள் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதி) தன் நீதிபதி, தன் அரசு வழக்கறிஞர், தன்னிடமுள்ள மருத்துவ வசதி ஆகியவற்றுக்கேற்ப விதிகளை அமைத்துக்கொள்கிறது. ஒரே குற்றச்சாட்டு, ஒரே நோய், ஒரே பணிக்காலம் உடைய இருவரில், ஆற்றின் இக்கரையில் கைதானவர் சேர்க்கப்படுவதும் அக்கரையில் கைதானவர் மறுக்கப்படுவதும் நடக்கிறது. ஆகவே கீழே சொல்லப்படுபவற்றை எங்கும் எழுப்பப்படும் கேள்விகளாகக் கொள்ள வேண்டும். அவற்றுக்கான பதில் உள்ளூர் விதியில்தான் இருக்கும்.

படையில் இருந்தவர் என்பதை எப்படிக் கணக்கிடுகிறார்கள்

முதல் கேள்வி, இவர் படையில் பணியாற்றினாரா என்பது. தரைப்படை, கடற்படை, விமானப்படை, கடற்காலாட்படை, கடலோரக் காவற்படை ஆகியவற்றில் முழுநேரப் பணி செய்து விடுபட்டவர்களைப் பற்றிப் பொதுவாக ஐயம் எழுவதில்லை. இப்போதும் பணியில் இருப்பவர்களையும், சேமப்படையிலும் தேசியக் காவற்படையிலும் இருப்பவர்களையும் பல நீதிமன்றங்கள் ஏற்கின்றன. டெக்சஸ் மாநிலச் சட்டம் இவர்களோடு மாநிலக் காவற்படையினரையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. போர்முனைக்குப் போயிருக்க வேண்டும் என்பது பெரும்பாலான இடங்களில் நிபந்தனையன்று. பயிற்சி முகாமில் நேர்ந்த விபத்தும், கப்பலில் நேர்ந்த பாலியல் வன்முறையும்கூட ஒரு மனிதரின் வாழ்க்கையைக் குலைத்துவிடக்கூடும் என்பதை விதிகளை வகுத்தவர்கள் நாளடைவில் ஏற்றுக்கொண்டார்கள்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. கைதானவரிடம் ‘நீங்கள் முன்னாள் படைவீரரா?’ என்று கேட்டால், பலர் இல்லை என்று சொல்லிவிடுகிறார்கள். போருக்குப் போகாதவர்கள், தேசியக் காவற்படையில் இருந்தவர்கள், பெண்கள், மோசமான சூழ்நிலையில் வெளியேற்றப்பட்டவர்கள் ஆகியோர் அந்தப் பெயர் தமக்குரியது அன்று என்று எண்ணுகிறார்கள். வேறு சிலர் வெட்கத்தால் மறைக்கிறார்கள். ஆகவே ‘எப்போதாவது படையில் பணியாற்றியிருக்கிறீர்களா?’ என்றே கேட்க வேண்டும் என்று சிறை அலுவலர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் சொல்லித்தரப்படுகிறது.

இரண்டாவது கேள்வி இவர் எந்த நிலையில் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார் என்பது. இந்த ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச விரும்புகிறேன். என் கருத்தில் தகுதி விதிகள் முழுவதிலும் மிகுந்த அநீதிக்கு இடம்தரும் பகுதி இதுதான்.

அமெரிக்கப் படையின் முழுநேரப் பணியிலிருந்து வெளியேறும் ஒவ்வொருவருக்கும் டிடி-214 என்ற படிவம் வழங்கப்படுகிறது. பணிக்காலம், பணியிடம், பெற்ற பதக்கங்கள் ஆகியவற்றோடு விடுவிப்பின் தன்மையும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். மேல்படியில் இருப்பது மதிப்புடன் விடுவிப்பு. அதற்கு அடுத்தது மதிப்புக்குரிய சூழலில் பொது விடுவிப்பு. அதற்கும் கீழே மதிப்புக்குரியதல்லாத சூழலில் விடுவிப்பு என்ற நிலை வருகிறது. இது படைத்துறை நீதிமன்ற விசாரணை இல்லாமலே, நிர்வாக ஆணையாக வழங்கப்படக்கூடியது. இதற்கும் கீழுள்ள தீய நடத்தை விடுவிப்பும் அவமதிப்பு விடுவிப்பும் படைத்துறை நீதிமன்றத் தண்டனையாக வருபவை. முதல் இரண்டு நிலைகளில் உள்ளவர்களைச் சிகிச்சை நீதிமன்றங்கள் தயக்கமின்றி ஏற்கின்றன. மூன்றாம் நிலையிலுள்ளவர்களை ஏற்பதா என்பதில்தான் இடத்துக்கு இடம் வேறுபாடு தோன்றுகிறது.

அந்த மூன்றாம் நிலைக்கு ஒருவர் எப்படித் தள்ளப்படுகிறார் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். குண்டுவெடிப்பில் சிக்கியவர் இரவில் தூக்கமின்றித் தவிக்கிறார்; காலையில் அணிக்கு நேரத்துக்கு வர முடியவில்லை; சினம் தலைக்கேறி மேலதிகாரியிடம் வாய்ச்சண்டை போடுகிறார்; தூங்குவதற்காகக் குடிக்கிறார், கஞ்சா புகைக்கிறார், பரிசோதனையில் அகப்படுகிறார். படை அவரை ஒழுங்கீனத்துக்காக வெளியே அனுப்புகிறது. இது கற்பனையில் மட்டும் நடப்பதன்று. 2011 முதல் 2015 வரையான நிதியாண்டுகளில் ஒழுங்கீனத்துக்காக விலக்கப்பட்ட 91,764 பேரில் 57,141 பேருக்கு, அதாவது 62 விழுக்காட்டினருக்கு, விலக்கப்படுவதற்கு முந்தைய ஈராண்டுகளுக்குள் மன அதிர்ச்சி நோய், மூளைக் காயம், குடிப்பழக்கம் சார்ந்த நோய் உள்ளிட்ட பாதிப்புகளுள் ஏதேனும் ஒன்று மருத்துவர்களால் கண்டறியப்பட்டிருந்தது என்று அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் தெரிவித்தது. அவர்களுள் 13,283 பேர் மதிப்புக்குரியதல்லாத சூழலில் விடுவிக்கப்பட்டவர்கள். எந்த நோய்க்குச் சிகிச்சை அளிப்பதற்காக இந்த நீதிமன்றம் ஏற்பட்டதோ, அந்த நோயின் விளைவையே தகுதியின்மையாக எடுத்துக்காட்டி ஒருவரைத் திருப்பி அனுப்புவது எந்த வகையிலும் நியாயம் ஆகாது.

நீதிமன்றங்கள் அப்படித் திருப்பி அனுப்புவதற்கு ஒரு நடைமுறைக் காரணமும் சொல்லப்படுகிறது. இந்த நீதிமன்றங்கள் சிகிச்சைக்குப் பெரிதும் நம்பியிருப்பது கூட்டாட்சி அரசின் படைவீரர் நலத்துறை மருத்துவமனைகளை. அந்தத் துறையின் மருத்துவ உதவிக்குத் தனித் தகுதி விதிகள் உண்டு: 1980 செப்டம்பர் 7க்குப் பிறகு படையில் சேர்ந்தவர்கள் பொதுவாக 24 மாதங்கள் தொடர்ந்து பணியாற்றியிருக்க வேண்டும் என்பது ஒன்று, விடுவிப்பின் தன்மை இன்னொன்று. அங்கே இடம் கிடைக்காதவரைச் சேர்த்தால் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி கவுண்டிக்கு எழுகிறது. ஆயினும் கதவு இப்போது முன்னைவிடச் சற்று அகலத் திறந்திருக்கிறது. 2018இல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, மதிப்புக்குரியதல்லாத சூழலில் விடுவிக்கப்பட்டவர்களிலும், 100 நாட்களுக்கு மேல் பணியாற்றிப் போர்க்களப் பகுதிக்குச் சென்றவர்களுக்கும், பணிக்காலத்தில் பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கும் நலத்துறை மனநலச் சிகிச்சை அளிக்க வேண்டும். இது தவிர, விடுவிப்பின் தன்மையை மாற்றித் தருமாறு மறுஆய்வு வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். மன அதிர்ச்சி நோயைக் காரணம் காட்டும் விண்ணப்பங்களைத் தாராள மனத்தோடு பரிசீலிக்க வேண்டும் என்று பாதுகாப்புத் துறை 2014இல் அறிவுறுத்தியது. புளோரிடா போன்ற மாநிலங்கள் எந்த வகை விடுவிப்பு பெற்றவரும் சிகிச்சை நீதிமன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்று சட்டத்தையே திருத்திக்கொண்டன. நலத்துறையில் இடமில்லாதவருக்கு மாநில, உள்ளூர் மனநல அமைப்புகளின் வழியாகச் சிகிச்சை ஏற்பாடு செய்யும் நீதிமன்றங்களும் உள்ளன. நலத்துறை மறுத்தது என்பதனாலேயே நீதிமன்றமும் மறுக்கும் என்று யாரும் முன்கூட்டியே முடிவு செய்துவிடக் கூடாது.

காயமும் அதன் தொடர்பும்

அடுத்ததாகக் கேட்கப்படுவது உடல்நிலை, மனநிலை பற்றியது. போர், விபத்து, வன்முறை போன்றவற்றுக்குப் பிறகு தொடரும் மன அதிர்ச்சி நோய், மூளைக் காயம், பணிக்காலத்தில் நேர்ந்த பாலியல் வன்முறையின் பாதிப்பு, மனச்சோர்வு, மது அல்லது போதைப்பொருள் அடிமைத்தனம் ஆகியவை பெரும்பாலான சட்டங்களில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படுகின்றன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பியவர்களில் 18.5 விழுக்காட்டினர் மன அதிர்ச்சி நோயாலோ கடும் மனச்சோர்வாலோ பாதிக்கப்பட்டிருந்தார்கள் என்றும், 19.5 விழுக்காட்டினர் தமக்கு மூளைக் காயம் ஏற்பட்டிருக்கக்கூடும் என்று தெரிவித்தார்கள் என்றும் ராண்ட் ஆய்வு நிறுவனம் 2008இல் கணக்கிட்டது. பஃபலோ நீதிமன்றம் தொடங்கிய அதே ஆண்டில் வந்த இந்த எண்கள், பிற நகரங்களும் விரைந்து அதைப் பின்பற்றியதற்கு ஒரு காரணமாயின.

நோய் இருப்பது மட்டும் போதுமா, அது படைப்பணியால் வந்ததாக இருக்க வேண்டுமா, குற்றத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்க வேண்டுமா என்ற மூன்று கேள்விகள் இங்கே ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கியிருக்கின்றன. டெக்சஸ் சட்டத்தின் ஒரு பிரிவு மூன்றையும் கேட்கிறது: நோயோ காயமோ இருக்க வேண்டும், அது படைப்பணியின்போது நேர்ந்ததாகவோ அதன் விளைவாகவோ இருக்க வேண்டும், குற்றச்சாட்டுக்கு உள்ளான நடத்தையை அது பாதித்திருக்க வேண்டும். 2009இல் அந்தச் சட்டம் முதலில் வந்தபோது போர்க்களத்திலோ அதை ஒத்த ஆபத்தான பணியிடத்திலோ ஏற்பட்ட பாதிப்பாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. பின்னர் அது நீக்கப்பட்டது. இப்போது அதே சட்டத்தில் இன்னொரு வழியும் உண்டு. நோய்க்கும் பணிக்கும் உள்ள தொடர்பை மெய்ப்பிக்க முடியாவிட்டாலும், ஒருவருடைய நடத்தை, பின்னணி, முந்தைய வழக்குகள் ஆகியவற்றைப் பார்த்து, அவரைச் சீர்படுத்துவதன் வழியாகவே பொதுமக்களின் பாதுகாப்பை உறுதிசெய்ய முடியும் என்று நீதிமன்றம் கருதினால் சேர்த்துக்கொள்ளலாம்.

கலிஃபோர்னியாவின் விசாரணைக்கு முந்தைய மாற்றுவழிச் சட்டம் இதைவிட மென்மையான சொற்களைக் கையாள்கிறது. படைப்பணியின் விளைவாக இத்தகைய பாதிப்பு ஒருவருக்கு இருக்கக்கூடும் என்று தெரிந்தாலே பரிசீலனைக்கு அது போதுமானது. இந்த மென்மையை நான் வரவேற்கிறேன். மூளைக் காயம் பல சமயங்களில் மருத்துவப் படக்கருவியில் தென்படாது. பாலியல் வன்முறைக்கு ஆளானவர் அதைப் பற்றி அன்று புகார் கொடுத்திருக்கவே மாட்டார். ஆவணம் இல்லாத காயத்துக்கு ஆவணம் கேட்பது உண்மையாகவே பாதிக்கப்பட்டவரைத்தான் முதலில் வெளியே நிறுத்தும்.

ஒருவரைக் கற்பனை செய்துகொள்வோம். ஈராக்கில் எரிபொருள் லாரி ஓட்டியவர். துப்பாக்கி ஏந்திப் போரிடும் பிரிவில் இருந்தவர் அல்லர். சாலையோரக் குண்டுவெடிப்பில் அவருடைய வண்டி சிக்கியது. வெளிக்காயம் இல்லாததால் மறுநாளே பணிக்குத் திரும்பினார். ஊருக்கு வந்தபின் தலைவலியும் மறதியும் தொடர்ந்தன. கஞ்சா பரிசோதனையில் பிடிபட்டு, மதிப்புக்குரியதல்லாத சூழலில் விடுவிக்கப்பட்டார். ஆறாண்டுகள் கழித்து மது அருந்திவிட்டு வண்டி ஓட்டிக் கைதாகிறார். போர்வீரராக இருந்திருக்க வேண்டும் என்றோ, மதிப்புடன் விடுவிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றோ கேட்கும் நீதிமன்றத்தில் இவருக்கு இடமில்லை. பணியில் நேர்ந்த மூளைக் காயம் நடத்தையைப் பாதித்ததா என்று மட்டும் கேட்கும் நீதிமன்றத்தில், மருத்துவர் ஒருவருடைய மதிப்பீட்டோடு இவர் உள்ளே நுழைந்துவிடலாம். பாதிப்பு இருக்கக்கூடும் என்பதே போதும் என்னும் இடத்தில் இன்னும் எளிதாக நுழையலாம். மனிதர் மாறவில்லை, அவர் கைதான இடம் மட்டுமே மாறுகிறது.

எந்தக் குற்றச்சாட்டுகள் ஏற்கப்படுகின்றன

சிறுகுற்றங்கள் எல்லா இடத்திலும் ஏற்கப்படுகின்றன என்று சொன்னால் பெரும்பாலும் தவறாகாது. வன்முறை கலவாத பெருங்குற்றங்களையும் பல நீதிமன்றங்கள் ஏற்கின்றன. கொலையும் கடும் பாலியல் குற்றங்களும் பொதுவாக வாயிலிலேயே நிறுத்தப்படுகின்றன. இவற்றுக்கு இடைப்பட்ட தாக்குதல், குடும்ப வன்முறை, ஆயுதம் சார்ந்த வழக்குகள் ஆகியவற்றைப் பற்றித்தான் கருத்து வேறுபாடு மிகுதி. போதைப்பொருள் நீதிமன்றங்களுக்கான கூட்டாட்சி நிதி வன்முறைக் குற்றவாளிகளைச் சேர்க்கும் திட்டங்களுக்கு நெடுங்காலம் மறுக்கப்பட்டு வந்ததால், அந்த அச்சில் வார்க்கப்பட்ட படைவீரர் நீதிமன்றங்களும் தொடக்கத்தில் வன்முறை வழக்குகளை விலக்கின. ஆனால் போர் அதிர்ச்சியின் வெளிப்பாடு பல சமயங்களில் சினமாகவும் கைகலப்பாகவுமே அமைகிறது என்பதால், வன்முறை வழக்கு அனைத்தையும் விலக்கினால் சிகிச்சை மிகவும் தேவைப்படுவோரே வெளியே நிற்பார்கள் என்ற வாதம் வலுப்பெற்றது. இன்று பல நீதிமன்றங்கள் தாக்குதல் வழக்குகளைத் தனித்தனியாக ஆராய்ந்து முடிவு செய்கின்றன.

குடும்ப வன்முறை வழக்குகளில் தாக்கப்பட்ட மனைவியின் அல்லது துணைவரின் பாதுகாப்பே முதன்மையானது. இத்தகைய வழக்குகளை ஏற்கும் நீதிமன்றங்கள், பாதிக்கப்பட்டவரின் கருத்தைக் கேட்பது, அவரை அணுகக் கூடாது என்ற தடையாணையை நடைமுறையில் வைத்திருப்பது, வன்முறையைக் கைவிடுவதற்கான தனிப் பயிற்சியைக் கட்டாயமாக்குவது போன்ற கூடுதல் ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும். போரில் பட்ட காயம் ஒருவருடைய வன்முறைக்கு விளக்கம் ஆகலாம். அந்த வன்முறைக்கு ஆளானவருடைய வலியை அது எள்ளளவும் குறைப்பதில்லை. படைவீரர் நீதிமன்றங்களை முழு மனத்தோடு ஆதரிக்கும் நான், இந்த ஏற்பாடுகள் இல்லாத இடத்தில் குடும்ப வன்முறை வழக்குகளை ஏற்பதை ஆதரிக்க மாட்டேன்.

காலப்போக்கில் எல்லை விரிந்துவருவதற்குக் கலிஃபோர்னியா நல்ல எடுத்துக்காட்டு. அங்கே 2015இல் நடைமுறைக்கு வந்த படைவீரர் மாற்றுவழிச் சட்டம் சிறுகுற்றங்களுக்கு மட்டுமே பொருந்தியது. மது அருந்தி வண்டி ஓட்டிய வழக்குகள் அதில் அடங்குமா என்ற குழப்பத்தைத் தீர்க்க, சிறுகுற்ற அளவிலான அத்தகைய வழக்குகளும் அடங்கும் என்று 2017இல் சட்டம் தெளிவாக்கப்பட்டது. 2025 ஜனவரி முதல், கொலை, பாலியல் குற்றங்கள் போன்ற சில விலக்குகளோடு, பெருங்குற்றங்களும் அதன்கீழ் கொண்டுவரப்பட்டிருக்கின்றன. போரில் பணியாற்றியதைக் குற்றவியல் நீதி கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற பார்வை மிகக் கடுமையான வழக்கிலும் இடம்பெற்றதுண்டு. கொரியப் போரில் பணியாற்றிய ஜார்ஜ் போர்ட்டர் என்பவருடைய மரண தண்டனை வழக்கில், அவருடைய போர்ப்பணி பற்றிய சான்றுகளை வழக்கறிஞர் முன்வைக்கத் தவறியதைக் குறையாகக் கண்ட அமெரிக்க உச்ச நீதிமன்றம், படைவீரர்களிடம், அதிலும் போர்முனையில் நின்றவர்களிடம், கனிவு காட்டும் நீண்ட மரபு இந்நாட்டுக்கு உண்டு என்று 2009இல் குறிப்பிட்டது. அது சிகிச்சை நீதிமன்றம் பற்றிய தீர்ப்பு அன்று என்றாலும், அதே காலத்தில் பரவிவந்த எண்ணத்தை அது காட்டுகிறது.

தகுதி பற்றிப் பலருக்கும் வியப்பளிக்கும் செய்தி ஒன்று உண்டு. சிகிச்சை நீதிமன்றங்களுக்கான சிறந்த நடைமுறை நெறிகள், மீண்டும் குற்றம் செய்யும் அபாயமும் சிகிச்சையின் தேவையும் ஒருங்கே மிகுந்தவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்கின்றன. முதல்முறை சிறிய தவறு செய்து, வேலையும் குடும்பமும் நிலையாக உள்ள ஒருவரை, வாரந்தோறும் நீதிமன்றம், அடிக்கடி சிறுநீர்ப் பரிசோதனை, இடைவிடாத கண்காணிப்பு ஆகியவற்றுக்குள் இழுத்தால் நன்மையைவிடத் தீமையே மிகுதி என்பது இந்தத் துறையில் பல்லாண்டு ஆய்வுகளால் தெரிந்துகொண்ட பாடம். ஆகவே ‘உங்களுடைய சிக்கல் இதற்குப் போதாது, உங்களுக்கு எளிய மாற்றுவழி இருக்கிறது’ என்று ஒருவரைத் திருப்பி அனுப்பினால், அதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முடிவு யார் கையில்

மேற்சொன்ன எல்லாம் பொருந்தினாலும் சேர்க்கை உறுதியாவதில்லை. டெக்சஸில் அரசு வழக்கறிஞர் சம்மதிக்காமல் யாரையும் சேர்க்க முடியாது. கலிஃபோர்னியாவின் மாற்றுவழிச் சட்டத்தில், அரசு வழக்கறிஞர் எதிர்த்தாலும் நீதிபதி அனுமதிக்கலாம். மேலும், குற்றஞ்சாட்டப்பட்டவரே விரும்பி ஒப்புக்கொள்ள வேண்டும். இது கட்டாயத் தண்டனை அன்று. தன் மருத்துவத் தகவல்களை நீதிமன்றக் குழு பார்ப்பதற்கு அவர் எழுத்தில் அனுமதி தர வேண்டும். விரைந்த விசாரணைக்கான உரிமையைப் பல இடங்களில் விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

இந்த ஒப்புதலை எளிதாகக் கருதக் கூடாது. சில சிறுகுற்றங்களுக்கு வழக்கமான நீதிமன்றம் விதிக்கும் தண்டனை சில வாரங்களில் முடிந்துவிடும். இங்கோ ஓராண்டுக்கு மேல் உழைக்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடி நீதிபதியின்முன் நிற்க வேண்டும். தவறினால் எச்சரிக்கை முதல் சில நாள் சிறை வரை படிப்படியான விளைவுகள் உண்டு. முன்னேறினால் கட்டுப்பாடுகள் தளரும். தன் வழக்கறிஞரோடு அமர்ந்து, இரு வழிகளையும் சீர்தூக்கிப் பார்த்த பிறகே ஒருவர் முடிவெடுக்க வேண்டும்.

அவர் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்தத் திட்டத்தில் சேர்வதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டுமா என்பது. சில நீதிமன்றங்கள் விசாரணைக்கு முன்பே வழக்கை நிறுத்திவைத்துவிடுகின்றன. கலிஃபோர்னியாவின் சட்டம் அப்படிப்பட்டது, வெற்றிகரமாக முடித்தவருடைய கைதே நிகழாததாகக் கருதப்படும். வேறு பல நீதிமன்றங்களில் முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, பிறகு சிகிச்சையில் சேர வேண்டும். முடித்த பின் அந்த ஒப்புதல் நீக்கப்படலாம்.

குடியுரிமை பெறாதவருக்கு இந்த வேறுபாடு வாழ்க்கையையே புரட்டிப்போடக்கூடியது. அமெரிக்கப் படையில் நிரந்தரக் குடியிருப்பு உரிமை மட்டும் உடையவர்களும் சேரலாம். 2008இல் அறிவிக்கப்பட்டு 2016இல் புதிய சேர்க்கை நிறுத்தப்பட்ட மாவ்னி என்ற திட்டத்தின்கீழ், படைக்குத் தேவையான மொழிகளை அறிந்தவர்கள் நிரந்தரக் குடியிருப்பு உரிமைகூட இல்லாமலே சேர்க்கப்பட்டார்கள். அந்த மொழிப் பட்டியலில் தமிழும் இருந்தது. ஆகவே இது நம்மவர் குடும்பங்களுக்கும் தொலைவான செய்தி அன்று. குடிவரவுச் சட்டத்தின் கண்ணில், ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதன்மேல் நீதிபதி ஏதேனும் தண்டனையோ கட்டுப்பாடோ விதித்திருந்தால், பின்னர் மாநில நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தாலும் அது குற்றத் தீர்ப்பாகவே நிற்கும். சிகிச்சையை நன்றாக முடித்து, நீதிபதி கைகுலுக்கி வாழ்த்திய ஒருவர், அதே வழக்கைக் காரணமாகக் கொண்டு நாடுகடத்தல் நடவடிக்கையைச் சந்திக்க நேரிடலாம். குடியுரிமை இல்லாத கட்சிக்காரருக்கு ஒப்புதலால் வரும் குடிவரவு விளைவுகளை எடுத்துச் சொல்வது வழக்கறிஞரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2010இல் படில்லா என்பவருடைய வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் தாமாகச் சொல்லாவிட்டால், கேட்டுப் பெற வேண்டும்.

வீட்டில் ஒருவர் கைதாகிவிட்டால் செய்ய வேண்டியவை அதிகமில்லை. ஆனால் விரைந்து செய்ய வேண்டும். அவர் படையில் இருந்தவர் என்பதை வழக்கறிஞரிடம் முதல் சந்திப்பிலேயே சொல்ல வேண்டும். டிடி-214 படிவத்தைத் தேடி எடுக்க வேண்டும். கையில் இல்லையென்றால் தேசிய ஆவணக் காப்பகத்திடம் படி கேட்டு விண்ணப்பிக்கலாம். நலத்துறையின் ஒவ்வொரு மருத்துவமனையோடும் தொடர்புடைய படைவீரர் நீதித் தொடர்பு அலுவலர்கள் இருக்கிறார்கள். 2009இல் தொடங்கிய இந்தத் திட்டத்தின் அலுவலர்கள் சிறைக்கே வந்து சந்தித்து, மருத்துவத் தகுதியைச் சரிபார்த்து, சிகிச்சைத் திட்டம் ஒன்றை நீதிமன்றத்தின்முன் வைக்க உதவுகிறார்கள். அவர்கள் சட்ட ஆலோசனை வழங்க மாட்டார்கள். யாரைச் சேர்ப்பது என்ற முடிவும் அவர்களுடையது அன்று. கைதான கவுண்டியில் சிகிச்சை நீதிமன்றம் இல்லையென்றால், அது இருக்கும் கவுண்டிக்கு வழக்கையோ கண்காணிப்பையோ மாற்ற முடியுமா என்று கேட்க வேண்டும். சில மாநிலங்களில் அதற்குச் சட்டம் இடம் தருகிறது. அதுவும் இயலாத இடத்தில், வழக்கமான நீதிமன்றத்திலேயே தண்டனை விதிக்கும் நிலையில் படைப்பணியையும் நோயையும் சான்றுகளோடு எடுத்துரைக்கலாம். கலிஃபோர்னியாவில் இதற்கென்றே தனிச் சட்டப் பிரிவு உள்ளது. அதன்கீழ் நீதிபதி சிறைக்குப் பதிலாக நன்னடத்தைக் கண்காணிப்பையும் சிகிச்சையையும் ஆணையிட முடியும்.